நரிக்கு வைத்த சோறு

காலை ஆறு மணி நான்கு நிமிடம். முதலில் தெரிந்தது ஒரு கை. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையின் விளிம்பு, மணிக்கட்டில் மணிக்கூடு, விரல்களுக்கு அடியில் ஒரு சில்வர் தட்டு. அடுத்த படத்தில் கை இல்லை. தட்டு சிமெந்துத் தரையில் இருந்தது. அதற்கடுத்த படத்தில் தட்டும் நரியும் இருந்தன.

இந்தப் படங்களிலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரையும், ஒரு கூட்டமும், ஓர் இறுதி எச்சரிக்கையும் உண்டாயின. இப்போது அவற்றைப் பற்றி எழுதக் காரணம், நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆய்வுப் பிரிவில் இனிக் களப்பணியாளர்கள் தேவையில்லை என்று முடிவாகியிருப்பது. கமராப் படங்களைக் கணினியே பார்த்து நரி, பூனை, மனிதன் என்று பிரித்துக்கொள்ளுமாம். இந்தச் செய்தியைத் தொலைபேசியில் சொன்ன இளைஞர், பிரியாவிடை மலருக்கு என் அனுபவத்தை இரண்டு பந்தியில் இனிமையாக எழுதித் தரும்படி கேட்டார். எழுதிக் கொடுத்தேன். இனிமை போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். ஆகவே இங்கே, தமிழில், அந்தக் கவலை இல்லாமல் எழுதுகிறேன்.

லண்டனில் மனிதர்களுக்கும் காட்டு விலங்குகளுக்கும் இடையே வரும் பிணக்குகளைக் குறைப்பது எப்படி என்பதே எங்கள் ஆய்வு. காட்டு விலங்கு என்றதும் யானையையோ சிறுத்தையையோ நினைக்க வேண்டாம். பெரும்பாலும் நரி. எப்போதாவது அணில். ஒருமுறை ஒரு தேவாலயக் கூரையில் வௌவால். கலியாண வீடுகளில் என் மைத்துனர் என்னை 'நரி பிடிக்கிறவர்' என்று அறிமுகம் செய்வார். நான் ஒரு நரியையும் பிடித்ததில்லை. பிடிப்பதால் பயனில்லை என்று காட்டுவதுதான் எங்கள் தொழில். ஒன்றைக் கொன்றால், காலியான இடத்துக்கு அடுத்த நரி வரும். இது நரிகளுக்கு எப்போதோ தெரியும். நரியைச் சுடக் காசு வாங்கும் கொம்பனிகளுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். காசு கொடுத்தவர்கள் மட்டும் ஒவ்வொரு வசந்தத்திலும் புதிதாக அதிர்ச்சி அடைவார்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு தினசரியில் உதவி ஆசிரியராக இருந்தேன். லண்டனில் முதலில் கிடைத்தது பெற்றோல் நிலையம். அதன்பிறகு இந்தப் பிரிவு. கிழக்கு லண்டனில் வெள்ளைக்கார ஆய்வாளர்கள் கதவைத் தட்டினால் எங்கள் சனம் குடிவரவுத் திணைக்களம் என்று நினைத்து விளக்கை அணைத்துவிட்டது. தமிழ் பேசுகிற ஒருவர் தேவைப்பட்டார். நேர்முகத்தில் அப்போதைய தலைவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: ரயிலை விட்டு இறங்கியதும் முதலில் என்ன பார்த்தாய்? ஒரு பெண், குழந்தையின் தள்ளுவண்டியைப் படியில் தனியாகத் தூக்கிக்கொண்டு போனதைச் சொன்னேன். வேலை கிடைத்தது.

அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ஒவ்வொரு கள அறிக்கையும் நேரத்தோடும் முதலில் கண்டதோடும் தொடங்க வேண்டும். கண்டது ஒரு பந்தி, கேட்டது ஒரு பந்தி, நினைத்தது ஒரு பந்தி. மூன்றாவது பந்தியை அவர் வாசிக்கவே மாட்டார். எழுதச் சொல்வதற்குக் காரணம், அதை அங்கே எழுதிவிட்டால் மற்ற இரண்டுக்குள்ளும் அது கசியாது என்பதுதான். என் பழைய செய்தி ஆசிரியரும் இவரும் சந்தித்திருந்தால் ஒருவரோடொருவர் பேசாமல் மணிக்கணக்கில் நண்பர்களாக இருந்திருப்பார்கள்.

செய்முறையில் எனக்குப் பிடித்தது மணி வேலை. நிலக்கடலையையும் பாகையும் பிசைந்து, அதற்குள் மிகச் சிறிய பிளாஸ்டிக் மணிகளைக் கலப்போம். இந்தத் தெருவுக்கு நீலம், அந்தத் தெருவுக்கு சிவப்பு. நரி தின்னும், மணி செரிக்காது. பிறகு வேலிக்கரைகளிலும் புல்வெளிகளிலும் நரி விட்டையைத் தேடி, குச்சியால் கிளறி, எந்த நிறம் எங்கே வந்திருக்கிறது என்று வரைபடத்தில் குறித்தால் எந்த நரி எந்த எல்லைக்குள் உலாவுகிறது என்று தெரியும். உழைக்கும் வயதின் நல்ல பகுதி விட்டை கிளறுவதில் போயிற்று. பத்திரிகையில் செய்ததும் ஏறக்குறைய அதுதான் என்பதால் எனக்குச் சிரமமாக இருக்கவில்லை.

அபத்தங்களுக்கும் குறைவில்லை. மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பி நரியை விரட்டும் ஒரு கருவியைச் சோதித்தோம். அதை விற்றவர்கள் அனுப்பிய விளம்பரத்தில் நரி தலைதெறிக்க ஓடியது. இல்ஃபோர்டில் நாங்கள் அதை வைத்த தோட்டத்தில், பனி விழுந்த ஒரு காலையில், நரி அந்தக் கருவியின் மேலேயே சுருண்டு படுத்திருந்தது. பற்றரியின் சூடு அதற்கு இதமாக இருந்திருக்க வேண்டும். ஆர்ச்வே மேட்டில் ஒரு சீமாட்டி தன் தோட்டத்து நரிகளுக்குக் கோழி சுட்டுப் பீங்கான் தட்டில் வைத்தார். அடுத்த வீட்டார் கோழி வளர்ப்பதால்தான் நரி வருகிறது என்று கவுன்சிலுக்கு முறைப்பாடும் எழுதினார். எங்கள் துறையில் இதற்கெல்லாம் இப்போது 'சகவாழ்வு' என்று பெயர்.

அந்தச் சொல்லோடு வந்தவர் டொக்டர் ரேவதி. கோயம்புத்தூர்க்காரர். அங்கே மலையடிவாரத்தில் யானைகள் வயலுக்குள் இறங்குவதைத் தடுப்பது பற்றி ஆய்வு செய்து பட்டம் பெற்றவர். பழைய தலைவர் போனபின் எங்கள் பிரிவுக்குத் தலைவரானார். அறையில் ஒரு கொம்பன் யானையின் படத்தை மாட்டினார். அதன் எதிரே உட்கார்ந்து நரி விட்டையைப் பற்றிப் பேசுவது எவருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

அவர் கெட்டவர் அல்ல. எல்லோருடைய பிள்ளைகளின் பெயரையும் பரீட்சையையும் நினைவில் வைத்திருந்தார். என்னை 'சார்' என்று அழைத்து, வயதுக்கு மரியாதையாகத் தன் பிளாஸ்கிலிருந்து முதல் கோப்பையை எனக்கு ஊற்றுவார். பிரச்சினை, அவருக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்ததுதான். யாராவது சொல்லத் தொடங்கினால் பேனாவை மூடிவைத்துவிட்டுத் தலையை ஆட்டுவார். பாதி வசனத்தில் "ஆமா, ஆமா, புரியுது" என்பார். மீதி வசனத்தை அவரே சொல்வார். பெரும்பாலும் சரியாகவே சொல்வார். அப்படிச் சரியாகச் சொல்லிப் பழகியவர்களிடம்தான் நான் மிகவும் கவனமாக இருப்பேன். கள அறிக்கைகளில் 'முறைப்பாடு' என்ற சொல்லை வெட்டி 'கரிசனை' என்று எழுதினார். நேரத்தையும் முதலில் கண்டதையும் எடுத்துவிட்டு, 'சமூகத்தின் குரல்' என்று ஒரு தலைப்பைப் போட்டார். சமூகம் என்றால் கதவைத் திறந்த மூன்று பேர்.

இனி அந்த வீடு.

மனோர் பார்க்கில், ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகளின் வரிசை ஒன்று குறைந்த வாடகைக்கு வீடு விடும் ஒரு வீட்டுச் சங்கத்துக்குச் சொந்தம். சங்கமும் எங்கள் ஆய்வுக்குக் கொஞ்சம் பணம் தந்தது. அங்கே டெரி என்ற ஓய்வுபெற்ற பஸ் சாரதியின் பின்தோட்டக் கொட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டை நரி குட்டி போட்டிருந்தது. டெரியின் பேத்தி வளர்த்த இரண்டு முயல்களையும் அது கொன்றுவிட்டது. எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றியபடியே டெரி சொன்னார், இந்த வரிசையில் வாடகை கட்டாமல், சங்கத்துக்குப் பதில் சொல்லாமல், விரும்பிய இடத்தில் படுத்து எழும்புகிற ஒரே ஆள் அந்த நரிதான் என்று. அடுத்த வீட்டுக்காரர்தான் அதற்குச் சோறு போடுகிறார் என்றும் சொன்னார். அந்த வீட்டுப் பின்பக்கச் சிமெந்தில் சோற்றுப் பருக்கைகளை அவர் கண்டிருக்கிறார்.

அடுத்த வீட்டில் இருந்தவர்கள் சிவபாதம் அண்ணையும் அவருடைய மனைவி மங்கை அக்காவும். பருத்தித்துறைப் பக்கம். எழுபதைத் தாண்டியவர்கள். வாடகை ஒப்பந்தத்தில், காட்டு விலங்குகளுக்கு உணவு வைக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை உண்டு. டெரியின் முறைப்பாட்டில் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைகள் வந்துவிட்டன. மூன்றாவது வந்தால் சங்கம் நீதிமன்றத்துக்குப் போய் வீட்டைத் திருப்பிக் கேட்கலாம். நான் கதவைத் தட்டியபோது மங்கை அக்கா சங்கிலியை எடுக்காமல் பதில் சொன்னார்.

"நாங்கள் நரிக்கு ஒண்டும் வைக்கிறேல்லை, தம்பி. இந்த வீட்டில காகத்துக்குக்கூடச் சோறு வைக்கிறேல்லை."

காகத்தைப் பற்றி நான் கேட்டிருக்கவில்லை. அதை 'கேட்டது' என்ற பந்தியில் எழுதினேன்.

பிறகு உள்ளே கூப்பிட்டார். வாசலை அடுத்த நடையில் ஒரு சிறிய மேசை. அதன்மேல் பழைய தரைவழித் தொலைபேசி. பக்கத்தில் உட்கார ஒரு முக்காலி. லண்டனில் இப்போது எவரும் தொலைபேசிக்கென்று முக்காலி வைத்திருப்பதில்லை. அவர்களுடைய மகன் போர் முடிந்த காலத்தில் வன்னியில் காணாமல் போனவர். கடைசியாகப் பேசியது இந்தத் தொலைபேசிக்கு. தேடிக் கேட்டு அவர்கள் எழுதிய எல்லா விண்ணப்பங்களிலும் இந்த விலாசம்தான் இருக்கிறது. குறொய்டனில் இருக்கும் மகள் தன்னோடு வந்து இருக்கும்படி எத்தனையோ தரம் கூப்பிட்டிருக்கிறார். மங்கை அக்கா அசையவில்லை. அவன் வந்தால் இந்தக் கதவைத்தான் தட்டுவான் என்றார். ஆகவே அந்த வீடு இருப்பதும் போவதும் அவர்களுக்கு வெறும் வாடகைப் பிரச்சினை அல்ல.

அவர் சொன்னதை நான் நம்பினேன். டெரி சொன்னதையும் நம்பினேன். இரண்டும் சேரவில்லை.

அசைவு கண்டால் தானே படமெடுக்கும் கமராவை டெரியின் பக்கத்தில், கொட்டிலின் வாசலைப் பார்க்க, முழங்கால் உயரத்தில் கட்டினோம். அந்த வாரக் காற்றில் இரு வீடுகளுக்கும் இடையிலிருந்த வேலிப் பலகை ஒன்று விழுந்தது. கமரா அந்த இடைவெளியால் அடுத்த வீட்டுச் சிமெந்தையும் பார்த்தது. நான் தொடக்கத்தில் சொன்ன கை அப்படித்தான் தெரிந்தது. பின்வந்த படமொன்றில் குனிந்த முகமும் தெரிந்தது. சிவபாதம் அண்ணை. ஒரு நாள் மட்டுமல்ல. கமரா இருந்த ஒவ்வொரு விடியலிலும்.

நாங்கள் ஆய்வில் எத்தனையோ தரம் கண்ட விடயம்தான் இது. ஒரு நாள் கிடைத்து ஒரு நாள் கிடைக்காத தீனியை நம்பி நரி குட்டி போடாது. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் கிடைத்தால் அதற்குப் பக்கத்திலேயே குடியேறும். மங்கை அக்கா சொன்ன காகம் நினைவுக்கு வந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் காகத்துக்குச் சோறு வைப்பவர்கள் ஒவ்வொரு நாளும் வைப்பதில்லை. அமாவாசைக்கு வைப்பார்கள், விரத நாளில் வைப்பார்கள், இறந்தவரின் திதிக்கு வைப்பார்கள். தினமும், அதுவும் மனைவி எழும்ப முன் வைப்பதற்கு என்ன காரணம் என்று எனக்கு விளங்கவில்லை.

அவரை வீட்டில் கேட்கவில்லை. அவர் வழக்கமாகப் பத்திரிகை வாங்கும் கடைக்கு வெளியே நின்று, படங்களைப் பற்றிச் சொன்னேன். மறுக்கவில்லை. கடையின் நிழலுக்குள் என்னை நகர்த்திக்கொண்டு போனார்.

"ஓம் தம்பி, நான்தான். பெடியனுக்குத்தான் வைக்கிறன். அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவள் இன்னும் பாத்துக்கொண்டிருக்கிறாள்."

ஏன் ஒவ்வொரு நாளும் என்று கேட்டேன்.

"எந்தத் திதிக்கு வைக்கிறது? செத்த நாள் தெரியாதே. அதாலைதான் ஒரு நாளும் விடாமல் வைக்கிறன். எப்பிடியும் அந்த நாளும் அதுக்குள்ளை வந்திடும்."

காகம் வந்து எடுக்கும்வரை நிற்பதுதானே முறை, நின்றிருந்தால் நரி வந்திராதே என்றேன்.

"நிக்க ஏலாது. அவள் எழும்பிவிடுவாள். வைச்சிட்டு உள்ளுக்கை வந்து ஜன்னலாலை பாப்பன். முதல் முதல் நரி வந்து தின்னேக்கை கதவைத் திறந்து விரட்டப் பாத்தனான். கதவு கிறீச்செண்டு கத்தும். விட்டிட்டன்." கையிலிருந்த பத்திரிகையை நாலாக மடித்தார். பிறகு, "ஆரோ ஒரு சீவன் தின்னுதுதானே," என்றார்.

ஆக, அந்த வரிசையில் மனிதருக்கும் விலங்குக்கும் இடையிலான முரண்பாட்டின் முழுக் காரணமும் இதுதான்: ஒரு மனிதரால் தன் பின்தோட்டத்தில் பத்து நிமிடம் நிற்க முடியவில்லை. எங்கள் பிரிவு அந்த வட்டாரத்துக்கென்று அச்சிட்ட துண்டுப் பிரசுரத்தில் சிரிக்கும் நரியின் படமும், குப்பைத் தொட்டியின் மூடியை இறுக்குவது பற்றிய அறிவுரையும் இருந்தன.

ரேவதியிடம் நான் கண்டதைச் சொன்னேன். கேட்டதில் பாதியைச் சொல்வதற்குள் அவர் பேனாவை மூடிவிட்டார்.

"ஆமா சார், காக்காய்க்கு வைக்கிற சாதம். எங்க ஊர்லயும் வைப்பாங்களே. இது சடங்கு. மத நம்பிக்கை. வீட்டுச் சங்கம் இதை மீறல்னு சொல்லவே முடியாது. அவங்களைக் காப்பாத்திடலாம்."

மனைவிக்குத் தெரியாது என்றேன். மகனைப் பற்றியும் சொன்னேன். அவர் உண்மையிலேயே வருந்தினார். கண் கலங்கியதையும் பார்த்தேன். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டுக் கேட்டார்: "இதைச் சொல்லலைன்னா வீடு போயிடும். எது முக்கியம் சார்?"

நியாயமான கேள்வி. படத்தைக் காட்டாமல் நான் சொல்லியே சங்கத்தை நம்பவைக்கலாம் என்றேன். ஆதாரம் இல்லாமல் அவர்கள் நம்பமாட்டார்கள் என்றார். அதுவும் உண்மை. சங்கத்தையும் அயலவர்களையும் கூட்டிப் படத்தைக் காட்டுவதென்று முடிவாகி, சிவபாதம் அண்ணையிடம் சம்மதம் கேட்கும் வேலை எனக்கு வந்தது. முகத்தை மறைத்தால் போடலாம் என்றார் அண்ணை. இவள் கூட்டத்துக்கெல்லாம் போகிறவள் இல்லை என்றும் சொன்னார். ஆனால் படத்தோடு ரேவதி என்ன பேசப் போகிறார் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 'கிழக்கு லண்டனில் சடங்கு உணவும் நகர நரியும்' என்று ஒரு தலைப்பு ரேவதியின் கணினியில் ஏற்கெனவே இருந்ததை மட்டும் நான் கண்டிருந்தேன்.

கூட்டம் அந்தத் தெரு முனையிலிருந்த சமூக மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை முற்பகல் நடந்தது. டெரி முன்வரிசையில் பேத்தியோடு இருந்தார். வீட்டுச் சங்கத்திலிருந்து ஒரு அதிகாரி, கழுத்தில் அட்டையோடு வந்திருந்தார். சிவபாதம் அண்ணை உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் மங்கை அக்காவும் வந்தார், கோயிலுக்குப் போகிற சேலையில். தங்கள் வீட்டைப் பற்றிப் பேசும் இடத்தில் தான் இல்லாமல் இருப்பதா என்று கேட்டாராம்.

நான் ரேவதியிடம் போய், மனைவி வந்திருக்கிறார் என்று சொன்னேன். முகம் தெரியாது என்று அவர் எனக்கு நினைவுபடுத்தினார்.

முகம் தெரியவில்லைதான். சாம்பல் நிறக் கட்டம் ஒன்று அதை மறைத்திருந்தது. திரையில் கம்பளிச் சட்டை தெரிந்தது, மணிக்கூடு தெரிந்தது, தட்டு தெரிந்தது. அதே கம்பளிச் சட்டையை அணிந்துகொண்டு சிவபாதம் அண்ணை இரண்டாவது வரிசையில் இருந்தார். டெரியின் பேத்தி திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு எட்டு வயது இருக்கும். ஆய்வுமுறை பற்றி எவரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

ரேவதி ஆங்கிலத்தில் நன்றாகவே பேசினார். இது நரிக்கு உணவிடுவது அல்ல என்றார். காகத்தின் வழியாகக் குடும்பத்தில் இறந்தவர்களுக்கு உணவு கொடுக்கும் மிகப் பழைய வழக்கம் என்றார். இதைத் தண்டிப்பது ஒரு சமூகத்தின் துக்கத்தைத் தண்டிப்பதாகும் என்றார். அதிகாரி தலையாட்டிக் குறித்துக்கொண்டார். டெரிகூட இறங்கிவந்தார், யாருக்காக வைக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் முறைப்பாடு எழுதியிருக்கமாட்டேன் என்றார். வீடு ஏறக்குறையத் தப்பிவிட்டது.

அங்கே நிறுத்தியிருக்கலாம். ரேவதி மரியாதை தெரிந்தவர். மேடையை விட்டு இறங்கி, மங்கை அக்காவின் முன்னால் முழந்தாளிட்டு, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அதையே தமிழில் சொன்னார்.

"போனவங்களுக்கு வைக்கிற சாதம்தானேம்மா. இதுல தப்பே இல்லம்மா."

மங்கை அக்கா கையை விடுவித்துக்கொண்டார்.

"எங்கட வீட்டில ஒருத்தரும் சாகேல்லை," என்றார்.

சிவபாதம் அண்ணை எழும்பப் பார்த்தார். மங்கை அக்கா அவருடைய கம்பளிச் சட்டையின் விளிம்பைப் பிடித்து இருத்தினார். பிறகு என்னைப் பார்த்து, மண்டபம் முழுவதற்கும் கேட்க, கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்:

"தம்பி, அவைக்குச் சொல்லுங்கோ. நான்தான் வைக்கச் சொன்னனான். நான் சொல்லித்தான் இவர் வைச்சவர். காகத்துக்கு இல்லை. நரிக்கு."

அக்கா என்ன சொன்னார் என்று அதிகாரி என்னிடம் கேட்டார். மொழிபெயர்ப்பவர் கேட்டதைத்தான் சொல்ல வேண்டும். சொன்னேன். அதிகாரி முன்பு எழுதியதை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதினார். சோறு யாருக்காக என்று அந்த அம்மாவிடம் மறுபடி ஒருமுறை கேட்கும்படி ரேவதி என்னைப் பார்த்துச் சைகை செய்தார். கேட்டேன். மங்கை அக்கா அதே விடையைச் சொன்னார். மூன்றாம் தரம் கேட்க ரேவதி சொல்லவில்லை. அவரோடு வேலை செய்த காலம் முழுவதிலும் அவர் பிறருடைய வசனத்தை முடித்துவைக்காமல் நின்றதை நான் கண்டது அன்றைக்கு மட்டுந்தான்.

டெரி என்னிடம் தாழ்ந்த குரலில், அந்த அம்மாவுக்கு என்ன பைத்தியமா, தப்ப வழி கொடுத்தும் வேண்டாம் என்கிறாரே என்றார். நான் விளக்கவில்லை. அதை விளக்குவதானால் மங்கை அக்கா சொன்னதைப் பொய் என்று நான் சொல்ல வேண்டி வரும். எனக்குச் சம்பளம் கொடுத்தது அதற்கல்ல.

இறுதி எச்சரிக்கை இருவர் பெயரிலும் வந்தது. இனி நரிக்கு உணவு வைப்பதில்லை என்று இருவரும் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். மங்கை அக்கா முதலில் கையெழுத்திட்டார். டெரி தன் முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுத்ததும் உதவியது. வீடு அவர்களிடமே இருந்தது. தொலைபேசியும் முக்காலியும் இருந்த இடத்தில் இருந்தன. தீனி நின்றதும், நாங்கள் எதிர்பார்த்தபடியே, நரி குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ரயில் பாதைக் கரைக்குப் போய்விட்டது. ஆண்டறிக்கையில் இது எங்கள் பிரிவின் தலையீட்டுக்குக் கிடைத்த வெற்றி என்று வந்தது. தலையீடு என்ன என்று எழுதும் இடத்தில், 'துண்டுப் பிரசுரம், சமூக உரையாடல்' என்று இருந்தது.

ரேவதியின் கட்டுரை நல்ல சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது. பல வீடுகளைப் பற்றிய கட்டுரை அது. சடங்குக்காக உணவு வைக்கும் வீடுகளின் வரிசையில் அவர்களுடைய வீடு இல்லை. குடியிருப்பவர் மறுத்தால் அப்படிச் சேர்க்க முடியாது என்பது விதி. ரேவதி விதியை மீறுகிறவர் அல்ல. 'நரிக்கு வேண்டுமென்றே உணவிடல்' என்ற வரிசையில் அது இருக்கிறது. அந்த வரிசையில் அதற்குத் துணையாக இருப்பது ஆர்ச்வே மேட்டுச் சீமாட்டியின் வீடு. இனிப் படங்களைப் பிரிக்கப்போகும் கணினிக்கும் இந்த வரிசைகளைக் கொண்டுதான் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்று, இனிமையாக எழுதச் சொன்ன அந்த இளைஞர் பெருமையோடு சொன்னார்.

சென்ற மாதம் கோயில் வாசலில் சிவபாதம் அண்ணையைக் கண்டேன். விடிய எழும்பி ஒவ்வொரு நாளும் வன்ஸ்டெட் புல்வெளிப் பக்கம் நடக்கப் போவதாகச் சொன்னார். டொக்டர் நடக்கச் சொன்னவர் என்று வீட்டில் சொல்லியிருக்கிறாராம். அங்கே காகம் நிறைய. சோற்றை வைத்து, காகம் எடுக்கும்வரை நின்று பார்த்துவிட்டு வரலாம் என்றார்.

மங்கை அக்கா ஏதாவது கேட்பாரா என்றேன்.

ஒன்றும் கேட்பதில்லையாம். ஆனால் ஒவ்வொரு இரவும் படுக்கப் போகுமுன் ஒரு ஐஸ்கிறீம் பெட்டியைக் கழுவித் துடைத்து, மூடியோடு குசினி மேசையில் வைத்துவிட்டுப் போகிறாராம்.